கொக்காமை: சுகுமார் ராயின் விலங்குப் பாடலும் தமிழாக்கச் சிக்கல்களும்

முன்னுரை

குழந்தைகளுக்கான நகைச்சுவைப் பாடல் மொழிபெயர்ப்பு ஆய்வுகளில் பெரும்பாலும் ஓரத்திலேயே இடம் பெறுகிறது. எதுகையும் ஓசையும் மிகுந்தது என்பதால் அது மொழிபெயர்க்க இயலாதது என்று சிலர் விலக்குகின்றனர். பொருள் ஏதும் இல்லாத விளையாட்டு என்பதால் எப்படியும் மாற்றிக்கொள்ளலாம் என்று வேறு சிலர் கருதுகின்றனர். இவ்விரு கருத்துகளும் ஒரே பிழையிலிருந்து தோன்றுகின்றன. பாடலின் சொல்லை மட்டுமே மூலம் என்று கொள்வதே அப்பிழை. படத்தோடு அமைந்த விலங்குப் பாடல்களில் மூலம் என்பது சொல்லும் படமும் சேர்ந்த ஒன்று. இதனை வங்காள எழுத்தாளர் சுகுமார் ராயின் ‘ஆபோல் தாபோல்’ தொகுப்பிலுள்ள ‘கிச்சுரி’ என்னும் பாடலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. இப்பாடலில் வரும் கலப்பு விலங்குகளின் பெயர்களைத் தமிழில் ஆக்க முற்படும்போது தமிழ்ப் புணர்ச்சி, தொகைநிலை ஆகியவற்றின் இயல்பு குறித்துச் சில உண்மைகள் புலப்படுகின்றன. அவை மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் ஒருங்கே பயன்படக் கூடியவை.

பாடலும் படமும்

சுகுமார் ராய் 1887-இல் பிறந்தவர். அவருடைய தந்தை உபேந்திரகிஷோர் ராய் சௌதுரி குழந்தை எழுத்தாளர், ஓவியர், அச்சுத் தொழில் வல்லுநர். 1913-இல் ‘சந்தேஷ்’ என்னும் குழந்தைகள் இதழை அவர் தொடங்கினார். சுகுமார் 1911-இல் இங்கிலாந்து சென்று ஒளிப்பட அச்சுமுறையும் கல்லச்சுமுறையும் பயின்று திரும்பினார். 1915-இல் தந்தை மறைந்தபின் இதழின் ஆசிரியப் பொறுப்பு அவருடையதாயிற்று. காலா அசார் நோயால் 1923 செப்டம்பர் 10-ஆம் நாள் தமது முப்பத்தைந்தாம் வயதில் அவர் காலமானார். ‘ஆபோல் தாபோல்’ நூல் வடிவில் வெளிவந்தது அதற்கு ஒன்பது நாள்கள் கழித்து, செப்டம்பர் 19 அன்று. தமது மிகச் சிறந்த நூல் அச்சாகி வெளிவந்ததை அவர் காணவில்லை.

இவ்வரலாறு இங்குக் குறிக்கப்படுவதற்குக் காரணம் உண்டு. பாடலை இயற்றியவரும் படத்தை வரைந்தவரும் ஒருவரே. அவர் அச்சு நுட்பமும் கற்றவர். ஆகவே அந்நூலின் படங்கள் பதிப்பாளர் பின்னர்ச் சேர்த்த அணிகள் அல்ல. பாடலின் ஒவ்வோர் அடியையும் போல ஆசிரியரின் கூற்றே ஆகும். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அப்படங்களை நீக்கிவிட்டு வேறு ஓவியரைக் கொண்டு வரைவிப்பாராயின், மூலத்தின் ஒரு பாதியை அவர் மொழிபெயர்க்காமலே விட்டவர் ஆவார். படங்களை வைத்துக்கொண்டு விலங்குகளை மாற்றுவாராயின், அவருடைய சொல்லைப் படம் பொய்யாக்கிவிடும். மூன்று வயதுக் குழந்தையும் அப்பொய்யைக் கண்டுகொள்ளும்.

‘கிச்சுரி’ எட்டு ஈரடிகளைக் கொண்ட சிறு பாடல். எட்டுக் கலப்பு உயிர்கள் அதில் வருகின்றன: வாத்தும் முள்ளம்பன்றியும், கொக்கும் ஆமையும், கிளியும் ஓணானும், ஆடும் தேளும், ஒட்டகச்சிவிங்கியும் வெட்டுக்கிளியும், பசுவும் சேவலும், யானையும் திமிங்கிலமும், சிங்கமும் மானும். இவற்றுள் மூன்று உயிர்களுக்கு மட்டுமே பாடலின் அடிகளில் கலப்புப் பெயர் வருகிறது. கிளியும் ஓணானும் கலந்தது ‘கிளிமுக ஓணான்’ என்னும் பொருள்படும் இயல்பான தொடரால் சுட்டப்படுகிறது. ஏனைய நான்கினுக்கு அடிகளில் பெயரே இல்லை. அவற்றின் ஆசையும் துன்பமும் மட்டும் சொல்லப்படுகின்றன. பெயர் சொல்லாத இடத்தில் படம் பேசுகிறது. கண்ணுற்ற குழந்தை, முதல் மூன்று பெயர்களைப் பார்த்துப் பழகிய முறையில், எஞ்சியவற்றுக்குத் தானே பெயர் கட்டத் தொடங்குகிறது. பாடலின் உண்மையான விளையாட்டு இதுவே.

வங்காளக் கலப்புச் சொல்லின் அமைப்பு

அடிகளில் வரும் மூன்று கலப்புச் சொற்களையும் வங்காள எழுத்தமைப்பை ஒட்டித் தமிழில் எழுதினால் அவற்றின் அமைப்பு விளங்கும்.

‘ஹாஸ்’ (வாத்து) + ‘ஸஜாரு’ (முள்ளம்பன்றி) = ‘ஹாஸ்ஜாரு’
‘பக்’ (கொக்கு) + ‘கச்சப்’ (ஆமை) = ‘பகச்சப்’
‘ஹாதி’ (யானை) + ‘திமி’ (திமிங்கிலம்) = ‘ஹாதிமி’

மூன்றிலும் முதற்சொல்லின் இறுதியும் இரண்டாம் சொல்லின் முதலும் ஒரே ஒலி. முதலிரண்டில் ஒரு மெய் பொதுவாகிறது. மூன்றாவதில் ஓர் அசை முழுவதும் பொதுவாகிறது. இரு சொற்களும் ஒட்டி நிற்கவில்லை. ஓர் ஒலியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. யானையின் வால் முடிகிற இடமும் திமிங்கிலத்தின் தலை தொடங்குகிற இடமும் ஒன்றாகிவிட்டன என்பதைச் சொல்லே நடித்துக் காட்டுகிறது.

பாடல் தனது முதல் அடியிலேயே இலக்கணத்துக்குக் கட்டுப்படப் போவதில்லை என்று அடைப்புக்குறிக்குள் அறிவித்துவிடுகிறது. பிறகு ஆடு தேளின் கழுத்தில் ஏறி அமர்வதைச் சொல்லும்போது, தலையும் உடலும் கூடுவதற்குச் ‘சந்தி’ என்ற இலக்கணச் சொல்லையே ஆள்கிறது. வங்காளத்தில் சந்தி என்பது பள்ளியில் கற்பிக்கப்படும் பாடம். வடசொற்களிலேயே அது முறையாகச் செயல்படுகிறது. அப்பாடத்தை வீட்டிலும் குளத்தங்கரையிலும் வழங்கும் வாத்து, முள்ளம்பன்றி ஆகிய எளிய சொற்களின் மேல் ஏற்றியதில்தான் சிரிப்பு பிறக்கிறது. பள்ளிக்கூடத்து இலக்கணம் விலங்குக் காட்சிச்சாலைக்குள் புகுந்து கூண்டுகளைத் திறந்துவிட்டது போன்றது அது.

இரு சொற்களை ஒன்றில் மடித்து வைக்கும் இவ்வகையை லூயிஸ் கரோல் 1871-இல் வெளியிட்ட ஆலிஸின் இரண்டாம் கதையில் இரு பக்கமாகத் திறக்கும் பயணப் பெட்டிக்கு ஒப்பிட்டார். ஆங்கிலத்தில் சொற்களின் எல்லையில் கட்டாயமான எழுத்துப் புணர்ச்சி இல்லாமையால் எந்தச் சொல்லையும் எங்கும் வெட்டி ஒட்டலாம். சத்யஜித் ராய் தம் தந்தையின் பாடல்கள் சிலவற்றை ஆங்கிலத்தில் ஆக்கி 1970-இல் வெளியிட்டார்; சுகந்த சௌதுரியின் ஆங்கிலத் தொகுப்பு 1987-இல் வந்தது. ஆங்கிலத்துக்கு எளிதான இவ்வழி தமிழுக்கு எளிதன்று. அதற்குக் காரணம் தமிழின் வறுமை அன்று. தமிழ்ப் புணர்ச்சியின் மிகுந்த வளமே ஆகும்.

தமிழ்ப் புணர்ச்சி செய்யும் இடையூறு

கொக்கு, ஆமை ஆகிய இரு சொற்களையும் சேர்த்தால் ‘கொக்காமை’ என்று வருகிறது. முதற்பார்வையில் இது வங்காளச் சொல்லுக்கு நேர் இணையாகத் தோன்றும். ஆனால் இங்கு நிகழ்ந்தது வழக்கமான குற்றியலுகரப் புணர்ச்சியே. வருமொழி உயிர் முதலாக வரும்போது நிலைமொழி ஈற்று உகரம் கெட்டு, எஞ்சிய மெய்மேல் உயிர் ஏறுவது தமிழ்ப் பேச்சில் நாள்தோறும் நிகழ்வது. அதுபோலவே தேள், ஆடு ஆகியன சேர்ந்து ‘தேளாடு’ என்றாகும். சிங்கம், மான் ஆகியன சேரும்போது மகர ஈறு கெட்டுச் ‘சிங்கமான்’ என்றாகும். ‘நிலமகள்’ என்பது ஆகும் முறையே இதுவும். வங்காளக் காது ‘பகச்சப்’ என்பதில் ஒரு திருட்டைக் கேட்கிறது: ஓர் எழுத்து காணாமற் போய்விட்டது. தமிழ்க் காது ‘கொக்காமை’ என்பதில் எந்தத் திருட்டையும் கேட்பதில்லை. எல்லாம் முறைப்படியே நடந்திருக்கிறது.

முறைப்படி நடந்ததால் விளையும் கேடு ஒன்று உண்டு. முறையான தொகையாக ஒலிக்கும் சொல்லைத் தமிழர் முறையான தொகையாகவே பொருள் கொள்வர். வெட்டுக்கிளி என்றால் ஒருவகைப் பூச்சி. மீன்கொத்தி என்றால் ஒருவகைப் பறவை. அதுபோலக் ‘கொக்காமை’ என்றால் கொக்கு நிறத்ததோ, கொக்குகள் வாழும் குளத்தில் வாழ்வதோ ஆகிய ஓர் ஆமை என்று எண்ணப்படும். உயிரியல் நூலில் அச்சொல் வந்தாலும் எவரும் வியப்படையார். கலப்பின் வியப்பு இவ்வாறு கரைந்துபோகிறது.

ஆகவே தமிழில் கலப்புச் சொல்லாக ஒலிக்க வேண்டுமானால், அது புணர்ச்சி விதியால் வரக்கூடாத வடிவமாக இருத்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, ‘வாத்து’, ‘முள்ளம்பன்றி’ ஆகியவற்றை விதிப்படி சேர்த்தால் ‘வாத்துமுள்ளம்பன்றி’ என்று மட்டுமே வரும். மகர மெய்யை விடுத்து, இரு சொற்களிலும் உள்ள உகரத்தை ஒன்றாக்கினால் ‘வாத்துள்ளம்பன்றி’ கிடைக்கிறது. எந்த இலக்கண நூலும் இதனை ஏற்காது. அதனாலேயே இது மூலத்துக்கு நெருங்கியது. இலக்கணத்தை மீறுவதாக மூலம் அறிவிக்கும் இடமும் இவ்விலங்கு வரும் இடமும் ஒன்றே என்பது தமிழாக்கத்துக்கு வாய்த்த நற்பேறு. மீறுவேன் என்று சொல்லும் இடத்தில் தமிழும் மீறுகிறது. அவ்வறிவிப்பை ஆக்கும்போது ‘இலக்கணம்’ என்னும் பொதுச்சொல்லை விடப் ‘புணர்ச்சி விதி’ என்பதே தமிழ்ப் பள்ளிச் சிறுவருக்குக் கூடுதலான குறும்பாக ஒலிக்கும்.

இதற்கு மாற்றாக ‘அன்னம்பன்றி’ என்னும் வடிவையும் எண்ணிப் பார்க்கலாம். வங்காளச் சொல்லும் வடமொழி ‘ஹம்ச’ என்பதன் வழி வந்ததே. ‘அம்’ என்னும் அசை இருபுறமும் பொருந்துவதால் ஓசை அழகாக அமைகிறது. ஆயினும் முள்ளம்பன்றியில் முள் போய்விட்டது. பன்றி மட்டும் எஞ்சியது. படத்திலோ பறவையின் முதுகெல்லாம் முள். காது பன்றியைக் கேட்க, கண் முள்ளைக் காணும். அழகிய ஓசைக்காகப் படத்தைக் கைவிட்ட சொல் இது, கொள்ளத்தக்கதன்று. ‘வாத்துள்ளம்பன்றி’யிலும் ஒரு குறை உண்டு. ‘உள்ளம்’ என்ற சொல் இடையில் கேட்பதால், வாத்தின் உடலும் பன்றியின் உள்ளமும் கொண்டது என்று பெரியோர் பொருள் கொள்ளக்கூடும். அது நகைச்சுவைக்கு இழப்பு என்று சொல்வதற்கில்லை.

பொருள் நிற்கும் இடம்

தொகைச்சொல்லில் பொருள் எங்கு நிற்கிறது என்பதைத் தொல்காப்பியர் நான்காக வகுத்துள்ளார். முன்மொழியில் நிற்றல், பின்மொழியில் நிற்றல், இருமொழி மேலும் ஒருங்கே நிற்றல், இரண்டிலும் நில்லாது அன்மொழியில் நிற்றல் என்பன அவை. கலப்பு விலங்கின் பெயரை இவ்வகைப்பாட்டில் வைத்து நோக்கினால் சிக்கல் தெளிவாகிறது. பின்மொழியில் பொருள் நின்றால் ‘கொக்காமை’ ஓர் ஆமை. இருமொழி மேலும் நின்றால் உம்மைத்தொகையாகிக் கொக்கும் ஆமையும் என இரு விலங்குகளாகும். ஆசிரியர் படைத்தது இவ்விரண்டும் அன்று. கொக்கும் ஆகாமல், ஆமையும் ஆகாமல், இரண்டையும் கொண்ட மூன்றாவது உயிர் அது. அதாவது உம்மைத்தொகையின் மேல் எழுந்த அன்மொழித்தொகை. அன்மொழித்தொகை தோன்றும் நிலைக்களன்களுள் ஒன்றாக உம்மை தொக்க பெயரையும் தொல்காப்பியர் கூறியிருப்பது இங்கு நினைக்கத்தக்கது.

அன்மொழித்தொகையின் பொருளை வழக்கமாகத் தொடரின் சூழலே காட்டும். ‘பொற்றொடி வந்தாள்’ என்னும்போது, வந்தவள் வளையணிந்த பெண் என்பதை ‘வந்தாள்’ என்னும் வினை உணர்த்துகிறது. குழந்தைப் பாடலில் அந்த வினையின் பணியைப் படம் செய்கிறது. ‘கொக்காமை’ என்று தாய் படிக்கும்போது குழந்தையின் விரல் படத்தின் மேல் இருக்கும். ஓட்டிலிருந்து நீளும் கொக்கின் கழுத்தைக் கண்டவுடன், அச்சொல் ஒருவகை ஆமையைக் குறிக்கும் பெயராக இருக்க முடியாது என்பது உறுதியாகிறது. புணர்ச்சியால் கரைந்த வியப்பைப் படம் மீட்டுத் தருகிறது. எனவே தமிழில் இப்பாடலுக்குப் படம் வங்காளத்தைவிடவும் இன்றியமையாததாகிறது.

யானையும் திமிங்கிலமும் கலந்த உயிரைப் பற்றிய ஈரடி இதனை வேறொரு கோணத்தில் உறுதி செய்கிறது. ஒரு பாதி நீருக்குள் செல்ல எண்ணுகிறது. மறுபாதி காட்டுக்கு அழைக்கிறது. எது தலைமைச் சொல், எது அடைச்சொல் என்னும் வழக்கு விலங்கின் உடலிலேயே நடக்கிறது. இதனைத் தமிழில் ‘யானைத்திமிங்கிலம்’ என்றால் வழக்கு முன்பே தீர்ந்துவிடும், திமிங்கிலம் வென்றுவிடும். ‘திமியானை’ என்னும் வடிவு ஓரளவு பொருந்தும். ‘திமிங்கிலம்’ என்ற வடசொல்லே ‘திமி’ என்னும் பெருமீனை விழுங்குவது என்னும் பொருளில் ஆனது. ஆகவே ‘திமி’ என்ற குறுக்கம் சொல்லுக்குப் புறம்பானதன்று. பேச்சில் வழங்கும் ‘ஆனை’ என்ற வடிவைக் கொண்டால், இடையில் தோன்றும் யகர உடம்படுமெய்யும் ‘யானை’ என்பதன் முதலெழுத்தும் ஒன்றாகிவிடுகின்றன. அந்த யகரம் யாருடையது என்பதைச் சொல்ல முடியாது. வழக்கு தீராமல் நிற்பதற்கு அதுவே போதும். ‘திமி திமி’ என்னும் ஆட்டத்தின் ஓசையும் குழந்தையின் காதுக்கு விருந்தாகும்.

விலங்குக்குள் விலங்கு

தமிழ் விலங்குப் பெயர்கள் பலவற்றில் வேறொரு விலங்கு ஏற்கெனவே ஒளிந்துள்ளது. முள்ளம்பன்றி பன்றி இனம் அன்று. வெட்டுக்கிளி கிளி அன்று. ஒட்டகச்சிவிங்கியில் ஒட்டகமும் உண்டு, சிவிங்கியும் உண்டு. இரண்டும் அல்லாத உயிரைக் குறிக்கும் பெயர் அது. கிரேக்க, இலத்தீன் மரபில் இவ்விலங்குக்கு வழங்கிய, அறிவியல் பெயரிலும் இடம்பெற்றுள்ள, ‘காமெலோபார்டாலிஸ்’ என்பதும் ஒட்டகத்தையும் சிறுத்தையையும் இணைத்த பெயரே. சுகுமார் ராய் வேண்டுமென்றே செய்ததை மொழிகள் தம்போக்கில் செய்துவந்துள்ளன. புதிய உயிரைக் கண்ட மனிதன் பழைய உயிர்களின் பெயரை ஒட்டியே அதனை அழைக்கிறான்.

இதனால் ஒட்டகச்சிவிங்கியும் வெட்டுக்கிளியும் கலந்த உயிர், தமிழில் ஒரு கூட்டமே ஆகிவிடுகிறது. அதே வேளையில் தமிழுக்கு இங்கு ஓர் அரிய வாய்ப்பும் உண்டு. முன்னதன் இறுதியும் ‘கிளி’ என்பதன் முதலும் ‘கி’. இரண்டையும் ஒன்றாக்கினால் ‘ஒட்டகச்சிவிங்கிளி’ என்னும் சொல் பிறக்கிறது. விதிப்படி ஒற்று மிக்கு ‘ஒட்டகச்சிவிங்கிக்கிளி’ என்றே வரவேண்டும். அவ்வாறு வராமையால் இது உண்மையான கலப்புச் சொல். மூலத்தின் அடிகளில் பெயரின்றி நிற்கும் உயிருக்குத் தமிழ்க் குழந்தை தானே கண்டுபிடிக்கக்கூடிய பெயரும் இதுவே. மெல்லினத்தை அடுத்த ‘கி’ ஒலிப்புடையது. மொழிமுதல் ‘கி’ ஒலிப்பற்றது. ஒலிநிலையில் வேறான இரண்டையும் தமிழ் எழுத்து ஒன்றாகக் காட்டுவதால் இக்கலப்பு எளிதாகிறது. வாயைவிடக் கண்ணுக்கே இது முதலில் புலப்படும். காதில் விழும் கிளி பச்சைக்கிளி அன்று, வெட்டுக்கிளி என்பதைப் படமே திருத்தும்.

உருவில் பகிர்வு

கலப்பு உயிர்கள் தமிழ்க் குழந்தைகளுக்குப் புதியவை அல்ல. கோயில் தூண்களில் யாளியைக் கண்டு வளர்ந்தவர்கள் அவர்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்த தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் உள்ள புடைப்புச் சிற்பம் ஒன்று இங்குத் தனியே குறிப்பிடத்தக்கது. காளையின் உடலும் யானையின் உடலும் எதிரெதிராக நிற்க, இரண்டுக்கும் தலை ஒன்றே. ஓர் உடலைக் கையால் மறைத்தால் காளை தெரியும். மற்றதை மறைத்தால் யானை தெரியும். ‘ஹாதிமி’ என்பதன் நடு அசை செய்வதை இச்சிற்பத்தின் தலை கல்லில் செய்கிறது. ஆனால் இதற்கு வழங்கும் ‘ரிஷபகுஞ்சரம்’ என்ற பெயரில் அப்பகிர்வு இல்லை. அது இரு சொற்கள் அடுத்து நிற்கும் தொகை மட்டுமே. உருவில் பகிர்வைக் கண்ட மரபு பெயரில் அதைக் காணாமல் விட்ட இடத்தை ஒரு நல்ல தமிழாக்கம் நிரப்பக்கூடும்.

இழப்பும் ஈடும்

எல்லாவற்றையும் காக்க முடியாது. சிங்கத்துக்குக் கொம்பில்லை என்னும் குறையை மூலம் பேசும்போது, வங்காளத்தில் சிங்கத்தின் பெயரிலேயே கொம்பைக் குறிக்கும் சொல்லின் ஒலி கேட்கிறது. பெயரில் இருப்பது தலையில் இல்லை என்பதே சிலேடை. தமிழில் அது போய்விடும். எனினும் ‘தலையில் கொம்பா முளைத்திருக்கிறது?’ என்று செருக்குடையோரைக் கேட்கும் வழக்குத் தமிழில் உண்டு. காட்டின் அரசனுக்கு அக்கேள்வியே தீராத மனக்குறையாக இருந்தது என்று ஆக்கினால், சிலேடையின் இடத்தை மரபுத்தொடர் பெறும்; படத்திலுள்ள கொம்பும் பொய்க்காது.

எதிர்பாராத ஆதாயமும் உண்டு. ‘கள்ளாமை’, ‘கொல்லாமை’, ‘வெஃகாமை’ என்னும் குறள் அதிகாரத் தலைப்புகளோடு பழகிய காதுக்குக் ‘கொக்காமை’ ஓர் அறத்தின் பெயர்போல ஒலிக்கும். ஆமை என்னும் உயிர்ப்பெயரும் எதிர்மறைத் தொழிற்பெயர் விகுதியும் தமிழில் ஒத்திருப்பதால் வந்தது இது. பாடலின் தலைப்பிலும் கருத்து வேண்டும். அரிசியும் பருப்பும் சேர்ந்த உணவையே வங்காளச் சொல் குறிக்கிறது. தமிழ்நாட்டு உணவகத்தில் ‘கிச்சடி’ என்பது பெரும்பாலும் ரவையால் ஆனது. அதைவிடச் சிறுவர் பலர் பல வீட்டுப் பண்டங்களைக் கொண்டுவந்து கூடி ஆக்கும் ‘கூட்டாஞ்சோறு’ பாடலின் உள்ளத்துக்கு நெருங்கியது.

முடிவுரை

இவ்வாய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, படத்தோடு அமைந்த விலங்குப் பாடலில் மொழிபெயர்ப்பின் அலகு சொல் அன்று. சொல்லும் படமும் சேர்ந்த பக்கமே அலகு. விலங்கை மாற்றும் உரிமை மொழிபெயர்ப்பாளருக்கு இல்லை. விலங்கின் பெயரை ஆக்கும் உரிமை முழுவதும் உண்டு. இரண்டாவது, தமிழில் கலப்புச் சொல்லுக்கு எல்லை வகுப்பது புணர்ச்சி. விதியால் வரும் வடிவம் தொகையாகவே கொள்ளப்படும். அதனைக் கலப்பாக்குவது படம். விதியை மீறிய வடிவம் படம் இன்றியும் கலப்பாக ஒலிக்கும். மூன்றாவது, குழந்தைப் பாடல் எளிய இலக்கியம் என்னும் கருத்து பொருந்தாது. தொல்காப்பியர் வகுத்த பொருள்நிலை மரபு நான்கையும் ஒரு வாத்தும் ஒரு முள்ளம்பன்றியும் சேர்ந்து சோதித்துப் பார்க்கின்றன. அச்சோதனையை முதலில் செய்வது ஆய்வாளர் அல்லர். படத்தின் மேல் விரல் வைத்து, இன்னும் பெயரிடப்படாத உயிருக்குத் தானே பெயர் சொல்லிப் பார்க்கும் குழந்தை. அவ்விரலுக்கு இடம் விட்டு வைக்கும் தமிழாக்கமே இப்பாடலுக்கு உரிய தமிழாக்கம் ஆகும்.